பத்தில் ஒரு பாகமா, முழு உள்ளமுமா?

ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்து, விசுவாச அறிக்கையும் மன்றாட்டுகளும் நிறைவுற்றதும் நாம் அமர்கிறோம். காணிக்கைப் பை வரிசை வரிசையாக வருகிறது. அது நம்மை அணுகுமுன்னரே நமது கை சட்டைப் பைக்குள் நுழைந்து, அங்குள்ள நாணயங்களுள் சிறியது எதுவெனத் தடவித் தேடுகிறது. தாய் தன் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்து, "போடு கண்ணே" என்கிறாள். பை கடந்து சென்றபின் கடமை தீர்ந்ததென ஒரு நிம்மதி. அந்தச் சில நொடிகளில் நாம் செய்தது என்ன? பிச்சையா? வரியா? வழிபாடா?

இக்கேள்வியோடு இன்னொன்றும் நம் குடும்பங்களில் எழுகின்றது. "பிரிந்த சகோதரர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தவறாமல் கொடுக்கிறார்களே, நாமும் அவ்வாறு கொடுக்கக் கடமைப்பட்டவர்களா?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. விடையைச் சற்று ஆழ்ந்து தேடுவோம்.

பழைய ஏற்பாட்டின் பாடம்

மோயீசனின் சட்டத்திற்கு நெடுங்காலம் முன்பே, போரில் வென்று திரும்பிய ஆபிரகாம், கடவுளின் குருவாகிய மெல்கிசெதேக்கிடம் ஆசி பெற்று, அனைத்திலும் பத்திலொரு பாகத்தை அவருக்கு அளித்தார். எவரும் அவரைக் கேட்கவில்லை. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நன்றியே அங்கு சட்டமாயிற்று.

பின்னர் இஸ்ராயேல் மக்களுக்கு அது முறையான கட்டளையாயிற்று. நிலத்தில் பங்கு பெறாத லேவியர்களுக்கு இப்பாகம் வாழ்வாதாரம். அவர்களோ தாங்கள் பெற்றதிலிருந்து பத்திலொன்றை மீண்டும் ஆண்டவருக்குச் செலுத்த வேண்டியிருந்தது. பெறுகிறவனும் கொடுக்கிறவனே என்பது எத்துணை அழகிய ஏற்பாடு! மேலும், மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அப்பாகம் முழுவதையும் ஊரிலேயே சேர்த்து வைத்து, லேவியர், அந்நியர், அநாதைகள், கைம்பெண்கள் ஆகியோர் வயிறார உண்ணச் செய்ய வேண்டுமென இணைச்சட்ட நூல் பணிக்கின்றது. ஆகவே ஆலயத்திற்குச் சேர்வது ஒன்று, ஏழைக்குச் சேர்வது வேறொன்று எனப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் விவிலியத்தில் இல்லை.

ஆண்டவர் அமர்ந்து நோக்கிய இடம்

நம் ஆண்டவர் பத்திலொரு பாகத்தைப் பழிக்கவில்லை. ஆனால் புதினாவிலும் சீரகத்திலும் கணக்குப் பார்த்துப் பத்திலொன்று செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் கைவிட்ட பரிசேயரைக் கடுமையாகக் கண்டித்தார். ஆலயத்தில் நின்று தன் தசமபாகத்தைத் தானே மெச்சிக்கொண்டவன் இறைவனுக்கு ஏற்புடையவனாகாமல் வீடு திரும்பினான் என்றும் உரைத்தார். சக்கேயுவோ பத்தில் ஒன்றோடு நிற்கவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளித்து, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். அவன் வீட்டிற்கு அன்று மீட்பு வந்தது.

காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்து இயேசு நோக்கிய கைம்பெண்ணை யாவரும் அறிவோம். அவள் இட்ட இரு செப்புக் காசுகள், அன்றைய கூலியாள் ஒருவரின் ஒரு நாள் ஊதியத்தில் 64-இல் ஒரு பங்கே. எனினும் அவளே எல்லாரையும்விட மிகுதியாகப் போட்டாள் என்றார் ஆண்டவர். இந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர் அவர் கூறியதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நெடுநேரம் செபிப்பதாக நடித்துக்கொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை அவர் எச்சரித்த உடனேதான் மாற்கு இக்காட்சியை வைத்திருக்கிறார். ஏழையின் கொடையைப் போற்றிய அதே நாவு, ஏழையைச் சுரண்டுவோரைச் சாடிய நாவு ஆகும்.

சின்னப்பர் திரட்டிய காணிக்கை

புதிய ஏற்பாட்டில் ஈகையைப் பற்றிய மிக விரிவான போதனை, ஒரு காணிக்கைத் திரட்டலையொட்டி எழுந்தது. யெருசலேமிலிருந்த கிறிஸ்தவர்கள் வறுமையில் வாடினர். அவர்களுக்கு உதவக் கலாத்தியா, மக்கேதோனியா, அக்காயா ஆகிய நாடுகளின் சபைகளில் புனித சின்னப்பர் நிதி திரட்டினார். கி.பி. 55-ஐ ஒட்டிக் கொரிந்து நகரத்தாருக்கு எழுதுகையில், வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்ப ஏதேனும் எடுத்து வைக்குமாறு பணித்தார். ஞாயிறு காணிக்கைக்கு இது எத்துணைத் தொன்மையான சான்று!

அந்த மடல்களில் அவர் பத்தில் ஒன்று என ஓரிடத்திலும் விதிக்கவில்லை. இல்லாததைக் கொண்டன்று, இருப்பதைக் கொண்டே கொடை ஏற்கப்படும் என்றார். பிறர் நலமாயிருக்க நீங்கள் துன்புற வேண்டுமென்பது தம் நோக்கமன்று, சமநிலையே நோக்கம் என்று விளக்கினார். கொடும் வறுமையிலிருந்த மக்கேதோனியர் தங்கள் ஆற்றலுக்கும் மேலாகக் கொடுத்தனர் என்றும், பொருளைத் தருமுன் தங்களையே ஆண்டவருக்குத் தந்தனர் என்றும் பெருமிதத்தோடு எழுதினார். இந்தப் பணத் திரட்டலை அவர் குறிப்பிட்ட சொற்களையும் நோக்குங்கள். 'அருள்' எனப் பொருள்படும் 'காரிஸ்', 'தோழமை' எனப் பொருள்படும் 'கொய்னோனியா', இறைவழிபாட்டைக் குறிக்கும் 'லெயித்தூர்கியா' ஆகிய கிரேக்கச் சொற்களை அவர் ஆள்கிறார். நமது காணிக்கைப் பையும் பீடத்துப் பலியும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள் என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. அப்பணத்தைக் கையாளுவதில் எவரும் தம்மீது குறைகூறாதிருக்க, சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர்களையும் உடன் அனுப்பினார். கடவுள் முன் மட்டுமன்று, மனிதர் முன்னும் கணக்கு நேர்மையாயிருக்க வேண்டுமென்பது அவர் கொள்கை. யெருசலேமில் ஆபத்துக் காத்திருந்ததை அவர் அறிந்திருந்தும், அக்கொடையோடு அங்கே சென்றார். அங்கே சிறைப்பட்டு, இறுதியில் கைதியாகவே உரோமை சேர்ந்தார். ஏழைகளின் காணிக்கையை உரியவரிடம் சேர்க்கத் தம் விடுதலையையே விலையாகத் தந்தார் அப்போஸ்தலர்.

சட்டம் கூறுவது

கி.பி. 155-ஐ ஒட்டிப் புனித யுஸ்தீனுஸ் வரைந்த நூலில், ஞாயிறு வழிபாட்டின்போது வசதியுள்ளோர் தாம் விரும்பியதைக் கொடுத்தனர் என்றும், அது அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர் ஆகியோருக்குச் செலவிடப்பட்டது என்றும் காண்கிறோம். காலப்போக்கில் விருப்பம் கட்டாயமாயிற்று. 585-இல் பிரான்ஸ் நாட்டின் மாக்கோன் நகர்ச் சங்கம் தசமபாகம் செலுத்தாதோரைச் சபைக்குப் புறம்பாக்கும் தண்டனையை விதித்தது. 779-இல் மாமன்னர் சார்லமேன் அதனை அரசின் சட்டமாக்கினார். உழவனின் முதுகில் அது சுமையாகி, மனக்கசப்பை வளர்த்து, 1789-ஆம் ஆண்டுப் புரட்சியில் பிரான்சில் ஒழிக்கப்பட்டது. அன்பிலிருந்து பிறக்க வேண்டியதை அச்சத்திலிருந்து பறித்தால் விளைவது இதுவே.

இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1983) 222-ஆம் எண்ணில், வழிபாட்டிற்கும் பிறரன்புப் பணிக்கும் பணியாளரின் பிழைப்பிற்கும் உதவுவது விசுவாசிகளின் கடமை என்கிறது. தம் சொந்த வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதையும் அதே எண்ணில் கடமையாக்குகிறது. ஆனால் பத்தில் ஒன்று என்னும் அளவைக் குறிக்கவில்லை. அதே தொகுப்பின் 848-ஆம் எண், ஏழ்மையின் பொருட்டு எவரும் அருட்சாதன உதவியை இழக்காதபடி பணியாளர்கள் விழிப்பாயிருக்கப் பணிக்கிறது. 1181-ஆம் எண் ஏழைகளுக்கு உரிய அடக்கச் சடங்கு மறுக்கப்படலாகாது என்கிறது.

இதனை நம் பங்குப் பேரவைகள் உள்ளத்தில் பதித்துக்கொள்வது நன்று. கோயில் வரி பாக்கியென்று திருமண ஓலை வாசிப்பதைத் தாமதிப்பதும், நிலுவைக்காரர் பெயரைப் பலகையில் எழுதி நாணச் செய்வதும் எங்கேனும் நிகழுமாயின், கைம்பெண்ணின் காசைப் போற்றிய ஆண்டவர் அங்கே எப்பக்கம் நிற்பார்? அதேவேளை, ஏழையின் இந்த உரிமையைச் சாக்காக்கி, வசதியுள்ளவர் கைவிரிப்பதும் தகாது. பங்கின் விளக்கு எரிவதும், மறைக்கல்வி நடப்பதும், நலிந்தவன் வீட்டில் மருந்து சேர்வதும் நம் கைகளாலன்றோ!

நம் இல்லத்தில்

அப்படியாயின் எவ்வளவு கொடுப்பது? பத்தில் ஒன்று நல்லதோர் அளவுகோல். இயன்றவர் அதைக் கைக்கொள்க. கடனிலும் நோயிலும் தவிக்கும் குடும்பம் அதைச் செலுத்தாததால் பாவம் செய்ததெனக் கலங்க வேண்டாம். மிகுந்த செல்வம் உடையவரோ பத்தில் ஒன்றோடு கணக்குத் தீர்ந்ததென எண்ண வேண்டாம். எஞ்சிய ஒன்பது பங்கும் இறைவனுடையதே.

சம்பளம் வந்த அன்று மாலை, வீட்டுச் செலவைப் பிரிக்குமுன் குடும்பமாக அமர்ந்து செபியுங்கள். இறைவனுக்கும் ஏழைக்கும் உரியதை முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சியதை அன்று, முதற்கனியை. எவ்வளவு, எவருக்கு என்று பிள்ளைகளையும் கேளுங்கள். தன் தின்பண்டக் காசிலிருந்து ஒரு பகுதியைக் குழந்தை தானே எடுத்து வைக்கட்டும். அடுத்த ஞாயிறு பை வரும்போது அதன் கையில் நாம் காசைத் திணிக்க வேண்டியிராது. அது தன்னுடையதைக் கொண்டுவந்திருக்கும்.

அப்பமும் இரசமும் பீடத்திற்குச் செல்லும் அவ்வேளையில், நமது வியர்வையின் ஒரு துளியும் அவற்றோடு செல்கிறது. அவற்றை ஏற்றுத் தம்மையே நமக்குத் திருப்பித் தருகிறவரிடம் சிறு நாணயம் தேடுவது நமக்கு அழகாகுமா?