நாட்டுத் துப்பாக்கியும் காட்டெருமையும்

புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கி நாராயணவனம் செல்லும் தமிழர்கள், கல்யாண வெங்கடேசுவரரைச் சேவித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அந்த ஊரின் கதையே ஒரு வேட்டையில்தான் தொடங்குகிறது. யானையைத் துரத்திக்கொண்டு குதிரையில் வந்த சீனிவாசப் பெருமாள், ஆகாசராஜன் மகள் பத்மாவதியை நந்தவனத்தில் கண்டார் என்கிறது தலபுராணம். வேட்டைக்கு வந்தவர் அந்த ஊருக்கு மாப்பிள்ளையானார்!

புராண வேட்டைக்கு வில்லும் அம்பும் போதும். பிற்காலத்தில் காடுகளில் முழங்கியது கரிமருந்துத் துப்பாக்கி. இன்று நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவது அதன் வழிவந்ததுதான்.

மருந்து கெட்டிக்கும் விதம்

வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இதுவே கரிமருந்து. இதைக் குழலின் வாய்வழியே கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈயக் குண்டு. மறுபடியும் இடி. கடைசியாகப் பின்புறம் கேப்பு பொருத்த வேண்டும். மழையில் மருந்து நனைந்தால் வெடிக்காது. வெடித்தாலோ வெண்புகை எழுந்து எதிரே நிற்பதை மறைத்துவிடும்.

முயலுக்கும் கௌதாரிக்கும் இது போதும். காட்டெருமைக்கு? முதல் குண்டு தவறினால் மறு குண்டு கெட்டிப்பதற்குள் எருமை மேலே பாய்ந்துவிடும்.

எருமைக்குக் கிடைத்த சில்லறை

1840களில் இலங்கையில் இருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இதை நேரில் உணர்ந்தவர். மின்னேரியா ஏரிக்கரையில் அவர் சுட்ட எருமை சாகாமல் எதிரே நின்றது. கையில் குண்டு தீர்ந்துவிட்டது. பையிலிருந்த சில்லறைக் காசுகளைத் துணியில் சுற்றி, இரு மடங்கு மருந்தோடு குழலில் இடித்து நெற்றியில் சுட்டார். எருமை மயங்கி விழுந்தது. உயிர் தப்பினால் போதும் என்று அவர் ஓட்டம் பிடித்தார்!

1884-ல் பிரான்சில் புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகளும் வந்தன. எருமைக்கு இருந்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பும் போயிற்று. இன்று இந்தியாவில் உண்மையான காட்டு நீரெருமைகளில் பெரும்பகுதி அசாமில்தான் உள்ளன. சத்தீஸ்கரில் மிகச் சிலவே மிச்சம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் நாம் காட்டெருமை என்று சொல்வது ‘காட்டி’ என்னும் வேறு இனம்.

சட்டம் வந்தது

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டையும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தனி வழக்கு.

விலங்கைக் காக்க வந்த சட்டம் நியாயமானதே. ஆனால் நாட்டுத் துப்பாக்கியே சோறு போட்ட குடும்பங்களும் உண்டு. தமிழகத்தின் நரிக்குறவர், குருவிக்காரர். ஆந்திரத்தில் நக்கல என்று அழைக்கப்படுவோர். இவர்கள் எருமையைத் தேடியவர்கள் அல்லர். நரியும் பறவையும்தான் இவர்களுடைய வேட்டை. அந்தத் தொழில் போனபின் பாசிமணி, ஊசி விற்று ஊர் ஊராகத் திரிந்தார்கள்.

எல்லைக் கோடு இவர்களையும் பிரித்தது. ஆந்திரத்தில் நக்கல, குருவிக்காரர் 2003-ல் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தனர். தமிழகத்தில் நரிக்குறவர், குருவிக்காரருக்கு அந்த இடம் 2023 ஜனவரியில்தான் கிடைத்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்றிதழோடு இருபது ஆண்டுகள் அவர்கள் காத்திருந்தனர்.

இனி அவர்கள் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தாமல் இருக்க வேண்டும். பட்டியலில் கிடைத்த இடம் அப்போதுதான் வேலையாகவும் வீடாகவும் மாறும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும்.