ஆறு பென்ஸுக்கு ஓர் இரவு

நாம் விரும்பிப் படித்த கதையை ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவரும் படித்திருக்கிறார் என்று அறிந்தால் உள்ளம் குளிர்கிறதன்றோ? அத்தகையோர் ஏறத்தாழ 2,500 பேர் ஒன்றுகூடி, கதையை எழுதியவர் வாயாலேயே கேட்ட இரவொன்று உண்டு.

1853 டிசம்பர் 30ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில், ஆவிகள் தோன்றிக் கருமி ஒருவனைத் திருத்தும் தமது கிறிஸ்துமஸ் கதையைச் சார்லஸ் டிக்கன்ஸ் வாசித்தார். மூன்று நாட்களுக்கு முன்னரும் அதையே அங்கு வாசித்திருந்தார். ஆனால் அன்றைய கட்டணம் தொழிலாளர் கைக்கு எட்டாதது. அவர்களுக்கென ஓர் இரவு வேண்டும் என்று டிக்கன்ஸே கேட்டுக்கொள்ள, கட்டணம் 6 பென்ஸ் ஆயிற்று.

பேய்க்கதையைப் பாமரர் சுவைப்பரோ என்று ஐயுற்றோரும் இருந்திருப்பர். ஒன்றையும் தவறவிடாது கேட்டனர், சிரித்தனர், அழுதனர் என்று டிக்கன்ஸ் பின்னர்க் கடிதத்தில் மகிழ்ந்து எழுதினார்.