புளிப்பறிந்த வீட்டில் ஸ்பானிய பன்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு செல்லும் சாலை, மாநில எல்லையைக் கடந்ததும் சித்தூர் வட்டத்துக்குள் நுழைகிறது. கேரளத்தின் பிற மாவட்டக் கள்ளுக்கடைகளுக்கும் கள் அனுப்பும் தென்னந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற வட்டம் அது. எல்லையின் கிழக்கே தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்க, மேற்கே அது உரிமம் பெற்ற தொழிலாக நடக்கிறது. கேரளத்து அடுக்களையில் கள்ளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரைத்த அரிசி மாவில் சிறிது கள்ளை ஊற்றிப் பொங்கவிட்டுச் சுடும் கள்ளப்பமும், அதே மாவைத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைக்கும் வட்டயப்பமும் அந்த வேலையின் விளைவுகள். ஸ்பெயின் நாட்டவர் காலையில் கெட்டியான சூடான சாக்லேட்டிலோ பால் கலந்த காபியிலோ தோய்த்து உண்ணும் இனிப்பு பன்களை உப்பவைப்பதும் கள்ளில் வாழும் அதே நுண்ணுயிரே என்பதால், இந்த எல்லைப் பகுதியின் வீடுகளில் அந்தப் பன்னைச் சுடுவது தோன்றும் அளவுக்கு அந்நியமான காரியம் அன்று.

கள்ளிலிருந்து ரொட்டிக்கு

பாளையிலிருந்து வடியும் இனிப்பு நீரில் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சேர்ந்து, சில மணி நேரத்திலேயே சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்குகின்றன. கலயத்தில் காணும் நுரை அந்த வாயுவின் வெளிப்பாடே. அவற்றுள் முதன்மையான சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் இனமே, இன்று கடைகளில் உலர்ந்த குருணையாக விற்கப்படும் ரொட்டி ஈஸ்ட்டும் ஆகும்.

இந்த உறவைப் போர்ச்சுகீசியர் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அவர்கள், தங்கள் நாட்டு ரொட்டிக்கான புளிப்பு கிடைக்காத இடத்தில் தென்னங்கள்ளைக் கொண்டு கோதுமை மாவைப் பொங்கவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். இலங்கைத் தமிழில் ரொட்டிக்கு வழங்கும் ‘பாண்’ என்ற சொல் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தது. ஸ்பானியச் சொல்லான ‘பான்’ அதன் உடன்பிறப்பு, இரண்டுக்கும் தாய் இலத்தீன். யாழ்ப்பாணத்தார் பன்னைப் ‘பணிஸ்’ என்றும், அது வேகும் அடுப்பைப் ‘போறணை’ என்றும் வழங்குவர். கேரளத்தில் பேக்கரி அடுப்புக்குப் ‘போர்மா’ என்று பெயர். அங்கு 1880இல் மாம்பள்ளி பாப்பு தலச்சேரியில் தொடங்கிய ராயல் பிஸ்கட் ஃபாக்டரி, மலபாரின் பேக்கரித் தொழிலுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஸ்பெயினின் இரண்டு பன்கள்

ஸ்பெயினின் காலை உணவுப் பன்களில் இரண்டு வகை குறிப்பிடத்தக்கவை. முதலாவது, மல்லோர்க்கா தீவின் என்சைமாடா. பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் ‘சைம்’ என்ற அத்தீவின் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. ஈஸ்ட் சேர்த்த இனிப்பு மாவை மேசைமீது கண்ணாடிபோல் மெல்லியதாக விரித்து, கொழுப்பைத் தடவி, கயிறாகச் சுருட்டி, நத்தை ஓடுபோல் சுற்றிவைத்து, நெடுநேரம் பொங்கவிட்டுச் சுட்டு, மேலே பொடித்த சர்க்கரையைத் தூவுவர். பரோட்டா மாவை வீசி, மடித்து, சுருட்டி வைக்கும் கைவேலையும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே; பரோட்டா ஈஸ்ட் இன்றிக் கல்லில் வேகிறது, என்சைமாடா ஈஸ்ட்டுடன் அடுப்புக்குள் வேகிறது. பன்றிக் கொழுப்பை விரும்பாதவர் வெண்ணெயைக் கொண்டும் செய்யலாம். ஸ்பானியர் வழியாக இதைக் கற்ற பிலிப்பைன்ஸ் மக்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்தே செய்கின்றனர்.

இரண்டாவது, போயோ சுயிசோ. ‘சுவிட்சர்லாந்து பன்’ என்று பொருள்படும் இப்பெயர், 19ஆம் நூற்றாண்டில் மாட்ரிட் நகரில் புகழ்பெற்றிருந்த கஃபே சுயிசோ என்ற காபிக்கடையிலிருந்து வந்தது. பெயரில் சுவிஸ் இருப்பினும் பன் ஸ்பெயினுக்கே உரியது. முட்டையும் பாலும் வெண்ணெயும் சேர்ந்த மென்மையான நீள்வட்டப் பன்னின் நடுவே நெடுக ஒரு கீறல் இட்டு, அதில் ஈரச் சர்க்கரையை நிரப்பிச் சுடுவது அதன் அடையாளம். முதன்முறையாக முயல்பவருக்கு இதுவே எளியது.

மாவும் பிசைதலும்

பன்னிரண்டு சுயிசோ பன்களின் மாவுக்கு மைதா 500 கிராம், சர்க்கரை 80 கிராம், வெண்ணெய் 80 கிராம், முட்டை 2, பால் 180 முதல் 200 மில்லி வரை, உப்பு 8 கிராம், உலர் ஈஸ்ட் 5 கிராம், ஓர் எலுமிச்சையின் துருவிய மேல்தோல் ஆகியவை போதும். எல்லா மைதாவும் ஒரே அளவு ஈரத்தை ஏற்பதில்லை என்பதால், பாலில் சிறிதை நிறுத்திவைத்து, மாவின் பதம் பார்த்துச் சேர்ப்பது நல்லது.

இட்லி மாவில் வாயுவைப் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பு. கோதுமையில் அந்த வேலையைச் செய்வது, மாவின் புரதங்கள் நீருடன் சேர்ந்து பிணைந்து உருவாகும் குளூட்டன் என்னும் பசையம். பிசையப் பிசைய அது வலைபோல் இறுகும். கொழுப்பு முதலிலேயே சேர்ந்தால் புரத இழைகளை மூடிப் பிணையவிடாது தடுக்கும் என்பதால், வெண்ணெய் தவிர மற்ற அனைத்தையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைந்த பின்னரே, மென்மையான வெண்ணெயைச் சிறுசிறு துண்டுகளாகச் சேர்த்து மேலும் பத்து நிமிடம் பிசைய வேண்டும். சிறிது மாவை விரல்களால் விரித்தால் கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் சவ்வாக நீண்டால் பதம் சரி. தொடக்கத்தில் கையில் ஒட்டுவதைக் கண்டு மைதாவைத் தூவிக்கொண்டே போவது, பன் கட்டையாகிவிடப் பெரும்பாலும் காரணமாகும் தவறு.

பாலக்காட்டு வெப்பத்தில்

ஐரோப்பியக் குறிப்புகள் மாவை வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொல்வது குளிர்நாட்டு அறிவுரை. பாலக்காட்டுக் கணவாயின் கோடையில் அடுக்களையே 35 பாகை செல்சியசைத் தாண்டும். அவ்வெப்பத்தில் வெண்ணெய் உருகி மாவிலிருந்து பிரியும், ஈஸ்ட் அளவுக்கு மீறி விரைந்து பொங்கிச் சாராய வாடையை விட்டுச்செல்லும். எனவே பாலையும் முட்டையையும் குளிர்ந்தபடியே சேர்ப்பதும், பிசைந்த மாவை மூடி அரை மணி நேரம் வெளியே வைத்தபின் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் ஏற்றவை. மெல்லப் பொங்கும் மாவில் மணம் கூடுகிறது. குளிர்ந்த மாவை உருட்டுவதும் எளிது. அன்று இறக்கிய கள் கிடைக்கும் வீட்டில் பாலின் ஒரு பகுதிக்கு மாற்றாக அதை ஊற்றலாம் எனினும், அதன் வீரியம் நாளுக்கு நாள் மாறுவதாலும், அதிலுள்ள பாக்டீரியாக்கள் புளிப்பைக் கூட்டுவதாலும், தொடக்கத்தில் ஈஸ்ட்டே நம்பகமானது.

காலையில் மாவைப் பன்னிரண்டாகப் பகுத்து, நீள்வட்டமாக உருட்டி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் அவை ஏறத்தாழ இருமடங்காகும்; விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக நிரம்புவது அடுப்பில் ஏற்றும் பருவம். அப்போது அடித்த முட்டையைப் பூசி, கத்தரிக்கோலால் நெடுக வெட்டி, சில துளி நீர் தெளித்துப் பிசறிய சர்க்கரையை வெட்டில் நிரப்பி, முன்பே 190 பாகைக்குச் சூடேற்றிய அடுப்பில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும். பன்கள் பொன்னிறமாகச் சிவக்க, ஈரச் சர்க்கரை இறுகி வெண்ணிறப் பொருக்காக நிற்கும்.

டீக்கடைக் கண்ணாடிப் பேழையின் தேங்காய் பன்னையும் பட்டர் பன்னையும் போலவே, சுயிசோவும் சுட்ட அன்றே சுவை மிகுந்தது. மறுநாள் இறுகும் பன்னைச் சூடான பாலில் தோய்த்து உண்பது ஸ்பெயினுக்கும் கோபாலபுரத்துக்கும் பொதுவான தீர்வு. மாவு பொங்கும் நேரத்தைக் கடிகாரம் பாராமல் கணிக்கத் தெரிந்த வீட்டுக்கு, இந்தப் பன்னில் புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டே: பசையம் வலுப்பெறும் வரை பொறுமையாகப் பிசைவதும், வெண்ணெயை அதற்குப் பின்பே சேர்ப்பதும்.