இடது கைக்கு ஓர் இடம்

ஒரு 5.56 மி.மீ. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து ஏறத்தாழ 1.7 கிராம், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. அது எரியும்போது 6 கிலோஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படுகிறது. குண்டு எடுத்துக்கொண்டு பறப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி சூடான வாயுவாகக் குழலின் வாய் வழியே போய்விடுகிறது. மிச்சம், 1 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம், குழலின் எஃகில் இறங்குகிறது. 30 தோட்டாக்கள் கொண்ட மேகசினை மளமளவென்று சுட்டுத் தீர்த்தால் 30 கிலோஜூல். குழலின் எடையை முக்கால் கிலோவாகக் கொண்டு பள்ளிக்கூட இயற்பியல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வெப்பநிலை 80 டிகிரிக்கு மேல் ஏறும். 35 டிகிரி வெயிலில் கிடந்த துப்பாக்கி ஒரே மேகசினில் 120 டிகிரியை நெருங்கிவிடும். வெற்று உலோகம் 70 டிகிரியில் இருந்தாலே, தொட்ட ஒரு நொடியில் தோல் வெந்துபோகும்.

வலது கைக்கு இந்தக் கவலை இல்லை. அது விசைக்குப் பின்னால், குழலிலிருந்து தள்ளி இருக்கிறது. துப்பாக்கியின் முன்பாரத்தைத் தாங்கும் இடது கைதான் குழலுக்கு நேர் அடியில் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கைக்காகக் குழலைச் சுற்றிப் போட்ட உறைதான் ஹேண்ட்கார்டு. ராணுவத் துப்பாக்கியில் கடந்த முப்பது ஆண்டுகளில் அதிகம் மாறிய பாகம் எது என்று கேட்டால், குழலையோ விசையையோ நான் சொல்லமாட்டேன். இந்த உறையைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு குண்டாகக் கெட்டித்துச் சுட்ட காலத்தில் குழலின் அடியில் மட்டும் மரம் இருந்தால் போதுமானதாக இருந்தது. மேகசின் வந்து, வேகமாகச் சுடலாம் என்றானபோது மேற்புறத்துக்கும் காப்பு தேவைப்பட்டது. 1907-இல் வந்த பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு மார்க் 3 துப்பாக்கியைப் பார்த்தால் குழலின் நுனிவரை மேலும் கீழும் மரம் மூடியிருக்கும். ஒரு நிமிடத்தில் 15 முறை குறி பார்த்துச் சுட வேண்டும் என்று பயிற்சி பெற்ற படைக்கு அது அலங்காரமல்ல. மரம் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆனால் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், குழலை ஒரு பக்கமாக நெருக்கும், குறி தப்பும்.

1960-களில் அமெரிக்காவின் எம்16 மரத்தைக் கைவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. முக்கோண வடிவ உறை. உள்ளே பளபளக்கும் அலுமினியத் தகடு. குழலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை அந்தத் தகடு திருப்பி அனுப்பும். மேலும் கீழும் உள்ள துளைகளின் வழியே சூடான காற்று மேலேற, குளிர்ந்த காற்று அடியிலிருந்து நுழையும். விசிறி இல்லாமலே காற்றோட்டம். ஒரே ஒரு அசட்டுத்தனம் இருந்தது: இடது பாதியும் வலது பாதியும் வேறு வேறு அச்சு. ஒன்று உடைந்தால் அதே பக்கத்துப் பாதி கிடைத்தாக வேண்டும். 1980-களில் வந்த எம்16ஏ2 இதை அழகாகத் தீர்த்தது. உருண்டை உறையை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து, இரண்டையும் ஒரே வார்ப்பாக்கிவிட்டார்கள். கிடங்கில் ஒரே உதிரிபாகம் போதும்.

அடுத்த மாற்றத்துக்குக் காரணம் வெப்பம் அல்ல, இருட்டு. இரவில் கட்டடங்களுக்குள் நுழையும் சிறப்புப் படையினர் டார்ச் விளக்குகளைத் துப்பாக்கியில் டேப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நியூஜெர்சியில் உள்ள பிக்காட்டினி படைக்கலச் சாலையின் பெயரைத் தாங்கிய, கருவிகளை மாட்டுவதற்கான பட்டை 1995-இல் ராணுவத் தர நிர்ணயம் ஆனது. பத்து மில்லிமீட்டருக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அளவு ஒன்றாகிவிட்டதால் யார் செய்த விளக்கும், லேசரும், தொலைநோக்கியும் யார் செய்த துப்பாக்கியிலும் பொருந்தும் என்ற நிலை வந்தது. எம்4 கார்பைனுக்கு நைட்ஸ் ஆர்மமென்ட் நிறுவனம் செய்த உறையில் இந்தப் பட்டை நான்கு பக்கமும் ஓடியது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. எல்லாக் கருவிகளுக்கும் இடம் கொடுத்த அந்த உறையில் கைக்கு இடமில்லாமல் போயிற்று. பற்கள் உள்ளங்கையைக் கீறின. பருமன் கூடியதால் சிறிய கைகளால் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, மரத்தைவிட ஆயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் அலுமினியம். குழலின் சூடான அடிப்பகுதியோடு இறுக்கிப் பூட்டியது வேறு. பற்களின் மேல் பிளாஸ்டிக் மூடிகளைப் போட்டார்கள், கையுறை அணிந்தார்கள். அப்போதுதான் அடியில் தொங்கும் செங்குத்து முன்பிடி படையினரிடையே பரவலானது.

முன்பிடி புதிதல்ல. 1921-ஆம் ஆண்டு தாம்சன் துப்பாக்கியிலேயே உண்டு. 1960-களில் ருமேனியாவும் ஹங்கேரியும் தங்கள் கலாஷ்னிகோவ்களுக்கு முன்பிடி வைத்தன. ஆஸ்திரியா 1977-இல் ஏற்ற ஸ்டெயர் துப்பாக்கியில் அது மடக்கக்கூடியது. கைக்கு அது செய்யும் உதவியும் உண்மையானது. கட்டைவிரல் மேலே இருக்கும்படி முன்கையை நடுநிலையில் வைக்கும்போது நம் பிடி பலமாக இருக்கிறது. செங்குத்துப் பிடி முன்கையை அந்த நடுநிலைக்குக் கொண்டுவருகிறது. துப்பாக்கியைத் தோளோடு இழுத்து அணைக்கவும் வசதி. ஆனால் குப்புறப் படுத்தால் தரையில் இடிக்கும். வாகனத்தில் ஏறும்போது எதிலாவது சிக்கும். பிடிக்குள்ளிருந்து இரண்டு கால்கள் விரியும் 'கிரிப் பாட்' அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளில் புழங்கியது. புத்திசாலித்தனமான பொருள்தான், சுமந்துகொண்டே நடப்பவரிடம் கேட்டால் வேறு கருத்து வரலாம்.

இந்தப் பிடியைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. பழைய எம்16 உறை, பின்னால் ஒரு வளையத்திலும் முன்னால் குழலின் மேலேயே ஒரு மூடியிலும் தாங்கி நின்றது. உறையை அழுத்தினால் அழுத்தம் குழலுக்குப் போகும். எம்4 குழலின் நீளம் சுமார் 37 சென்டிமீட்டர். அதன் நுனி வெறும் 0.37 மில்லிமீட்டர் விலகினாலே 100 மீட்டரில் குண்டு குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி விழும். வாரை இறுக்கினாலும் மணல்மூட்டையில் சாய்த்தாலும் குறி வேறாகும். ஆகவே உறையைப் பின்முனையில் மட்டும் பூட்டி, குழலை எங்கும் தொடாமல் விட்டார்கள். உறை கையைத் தாங்கும். குழல் தன் போக்கில் அதிரும். ஜெர்மனியின் எச்கே416 முதல் இன்றைய புதிய துப்பாக்கிகள் பலவும் இந்த வழியில்தான் இருக்கின்றன.

கலாஷ்னிகோவ் குடும்பத்துக்கு இது எளிதல்ல. மேல் உறை, துடைப்பதற்காகக் கழற்றும் வாயுக்குழாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் மாட்டிய குறிநோக்கி, குழாயைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் சற்றே இடம் மாறும். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையின் 'திருச்சி அசால்ட் ரைபிள்' உட்பட அந்த வம்சத்தில் பிறந்த பலவற்றுக்கும் இந்தப் பிறவிக்குணம் உண்டு.

உறை குழலைத் தொடாமல் நின்றால் மட்டும் போதாது. தானும் வளையக் கூடாது. அதில் மாட்டிய அகச்சிவப்பு லேசர்தானே இரவில் குறி காட்டுகிறது! நான்கு பக்கப் பற்களைச் சீவி எறிந்து, உறையில் உள்ள துளைகளில் தேவையான இடத்தில் மட்டும் கருவியை மாட்டும் முறைகள் இரண்டு வந்தன: 2012-இல் கீமாட், 2014-இல் எம்-லாக். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கிரேன் என்ற ஊரில் உள்ள கடற்படை ஆய்வு மையம் இரண்டையும் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டது. கருவியைக் கழற்றி மறுபடி மாட்டினால் குறி எவ்வளவு விலகுகிறது? சராசரியாக, 100 மீட்டர் கணக்கில், எம்-லாக்கில் சுமார் 4 செ.மீ., கீமாட்டில் சுமார் 14 செ.மீ. பளுவைத் தாங்குவதிலும் எம்-லாக் மூன்று மடங்குக்கு மேல் முன்னே நின்றது. ராணுவச் சந்தையில் அதோடு போட்டி முடிந்தது.

ஒல்லியான உறை வந்ததும் முன்பிடியும் குட்டையாகிவிட்டது. பலர் கையை நீட்டி உறையையே பற்றிக்கொள்கிறார்கள். கை எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட விரலளவு முட்டு ஒன்று போதுமென்கிறார்கள். செங்குத்துப் பிடியின் பெருமையில் பாதி, தடித்த பற்பட்டையின் கோளாறைச் சமாளித்ததால் வந்தது என்பது என் சந்தேகம்.

எடைதான் எப்போதும் மறந்துபோகிறது. நீர் நிறைந்த சொம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கும். 200 கிராம் லேசர் தோளிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருப்பதற்குப் பதில் 60 செ.மீ. தள்ளி இருந்தால், கீழே இழுக்கும் திருப்புவிசை மூன்று மடங்கு. துப்பாக்கியைப் பக்கவாட்டில் சட்டென்று திருப்பும்போது எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறனோ தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஒன்பது மடங்கு.

அமெரிக்கத் தரைப்படை 2022-இல் தேர்ந்தெடுத்த சிக் சாவர் துப்பாக்கி 6.8 மி.மீ. தோட்டாவைச் சுடுகிறது. வெறுமையாக 3.8 கிலோ, ஒலியடக்கியோடு கிட்டத்தட்ட 4.5 கிலோ. கூடுதலான அந்த 660 கிராம் தொங்குவது குழலின் நுனியில். முன்பு வாய் வழியே ஓடிப்போன சூட்டிலும் ஒரு பங்கை அந்த ஒலியடக்கி பிடித்து வைத்துக்கொள்கிறது, இடது கைக்குச் சற்று முன்னால்.