சர்வீஸ் பண்ணின மறுநாள் இன்ஜின் ஏன் உதறுது?

ஆயில் மாற்றியாச்சு, ஏர் ஃபில்டர் புதுசு, பிளக் நாலும் புதுசு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கச் செலவழிச்சு வீட்டு வாசலிலேயே சர்வீஸ் முடிந்தது. திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் வழக்கத்தைவிட நீளமாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடித்தும் பிடிக்காமலும் உதறுகிறது, அரை நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. தன் காரைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது. "நல்லா இருந்த வண்டியை நோண்டிக் கெடுத்தாச்சு" என்று வீட்டில் ஒரு தீர்ப்பும் வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பை அப்படியே தள்ளிவிட முடியாது. நேற்று வரை சரியாக இருந்தது இன்று கெட்டால், இடையில் கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்கணும். எங்கள் தொழிலிலும் கடைசியாக உள்ளே போன மாற்றத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். ஆனா காரில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கு. கை பட்ட இடங்கள் என்று நாம் சொல்கிற பட்டியல் பெரும்பாலும் முழுசாக இருக்காது. வேலை என்றே கணக்கில் சேர்க்காத ஒன்று விட்டுப்போயிருக்கும். அதற்குப் பிறகு வருவோம்.

முதல் கேள்வி, ஏன் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்?

பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேணும். (எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு.) சைலன்சர் பக்கம் போகிற புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கா இல்லையா என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். அதை வைத்து இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். 1977 மாடல் கார்களில் வால்வோ கம்பெனி கலிஃபோர்னியாவில் இந்த ஆக்ஸிஜன் சென்சாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஓடுகிற பெட்ரோல் கார் எல்லாவற்றிலும் அதே தத்துவம்தான். ஆனால் அந்தச் சென்சார் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிற வரைக்கும் ஒழுங்கான பதில் சொல்லாது. அதுவரை ஈசியு தோராயக் கணக்கில்தான் பெட்ரோல் ஊற்றுகிறது. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கு, எவ்வளவு காற்று உள்ளே போகுது, போன தடவை ஓடினப்போ என்ன கத்துக்கிட்டோம், இந்த மூன்றும்தான் அதற்குக் கையில் இருக்கிற தகவல்.

அதனால் சின்னக் கோளாறு ஒன்று இருந்தால், வண்டி சூடான பிறகு சென்சார் அதைச் சரிக்கட்டி மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆகிற முதல் அரை நிமிஷத்தில் மறைக்க ஆள் இல்லை. "கொஞ்ச நேரத்துல சரியாயிடுது, அப்ப பெருசா ஒண்ணும் இல்ல" என்று நினைக்கிறோமே, உண்மையில் அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்ஜினைப் பரிசோதிக்க நல்ல நேரம்.

அந்த அரை நிமிஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்க. 4 சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 25 தடவை எரியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு ஆறு தடவை சொச்சம். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யலைன்னா, நொடிக்கு ஆறு என்ற தாளத்தில் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிரும். மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்குது" என்று சொல்வது இதைத்தான். சைலன்சர் வாய்க்கு அருகே கை வைத்துப் பார்த்தால் சீரான காற்றுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுவது தெரியும். இதற்கு நேர்மாறாக, ஆர்பிஎம் முள் அலை மாதிரி ஏறி இறங்கி, இரண்டு நொடிக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அது ஒரு சிலிண்டரின் பிரச்சினை இல்லை. எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகப் போகிற காற்றில் ஏதோ கோளாறு. பாதி நோயறிதல் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இப்போ அந்த விட்டுப்போகிற வேலைக்கு வருவோம். திருச்சியில் இருக்கிற என் மைத்துனன் போன வருஷம் போன் பண்ணினான். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, 90,000 கிலோமீட்டர் ஓடினது. ஆயிலும் ஏர் ஃபில்டரும் வீட்டிலேயே மாற்றியிருக்கிறான். அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் பண்ணினால் உதறி ஆஃப் ஆகுது, சிக்னலில் நின்றாலும் ஆஃப் ஆகுது.

"ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சுப் பிடிச்சா நிக்குதா மாப்ள?"

"நிக்குது மாமா. காலை எடுத்தா போயிடுது."

"பேட்டரியைக் கழட்டினியா?"

"டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்துச்சு, கழட்டிச் சுரண்டிப் போட்டேன். வேற எதையும் தொடல."

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டி, த்ராட்டில் பாடி போயிடுச்சு, புதுசு மாத்தணும் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையும் கேட்டு வந்திருந்தான்.

விஷயம் இதுதான். இன்ஜினுக்குள் போகிற காற்றை அளந்து விடுவது த்ராட்டில் பாடியில் இருக்கிற பட்டாம்பூச்சித் தகடு. ஐட்லிங்கில் அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும், ஓரத்தில் நூலளவு இடைவெளி. வருஷக்கணக்கில் அந்த ஓரத்தில் கரியும் ஆயில் பிசுக்கும் படியும். இடைவெளி அடைய அடைய, ஈசியு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து சமாளித்து, அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் அந்த நினைவு அழிந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது ஈசியு தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த அளவுக்குத்தான் திறக்கும். அது கரி இல்லாத தகட்டுக்கான அளவு. கரி பிடித்த தகட்டுக்கு அந்தக் காற்று போதாது, இன்ஜின் திணறி நின்றுவிடும். லேசாக மிதித்தால் நிற்கிறது என்றால் கூடுதல் காற்று கிடைத்ததும் இன்ஜின் உயிர் பிழைக்கிறது என்று அர்த்தம். பிளக்கும் காயிலும் பெட்ரோலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன.

இதையே தலைகீழாகப் பண்ணினால் அறிகுறியும் தலைகீழாகும். பேட்டரியைத் தொடாமல் த்ராட்டில் பாடியை மட்டும் பளபளவென்று துடைத்தால், ஈசியு பழைய ஞாபகத்தில் நிறையத் திறக்கும், கரியோ இல்லை. ஐட்லிங் 1,200, 1,500 என்று எகிறும், இறங்கும், அலைபாயும். எந்தப் பாகமும் கெடவில்லை. கணக்குக்கும் நிஜத்துக்கும் பொருத்தம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

மைத்துனன் வண்டியில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து ஐட்லிங்கைத் திரும்பக் கற்கவிட்டதும் சரியாகிவிட்டது. பல கார்களில் அதற்குப் பெரிய மந்திரம் கிடையாது: ஏசி, லைட் எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கிற வரைக்கும் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓட விடணும், பிறகு ஏசி போட்டுக் கொஞ்ச நேரம், பிறகு ரோட்டில் ஒரு சுற்று. சில கார்களுக்கு ஸ்கேன் கருவியில்தான் கற்பிக்க முடியும், மேனுவலில் போட்டிருப்பார்கள். சுத்தம் செய்யும்போது எலக்ட்ரானிக் த்ராட்டில் தகட்டைச் சாவி போட்ட நிலையில் விரலால் தள்ளக் கூடாது. உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் பல கார்களில் பிளாஸ்டிக்.

இது பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. ஓடுகிற வண்டி நடுரோட்டில் ஆஃப் ஆனால் பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும், பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கு மேல் வேக்யூம் மிஞ்சாது. பின்னால் லாரி வருகிற பைபாஸில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது ஏர் ஃபில்டர். ஃபில்டர் மாற்றியதால் உதறல் வந்தது என்றால் ஃபில்டரில் தப்பு இருப்பது அபூர்வம். அதை எடுக்கும்போது அசைத்த குழாய்களில்தான் இருக்கும். ஐட்லிங்கில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல் அளவுதான், வெளியில் 100. எங்கே ஓட்டை கிடைத்தாலும் காற்று உள்ளே பாயும். காற்றளவு சென்சாருக்கு முன்னாடி பெட்டியின் கிளிப் சரியாக மாட்டாமல் இருந்தால் தூசி போகும், ஆனால் போகிற காற்று அளக்கப்பட்டுவிடும். சென்சாருக்குப் பின்னாடி இருக்கிற ரப்பர் குழாய் விலகியிருந்தால்தான் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், ஈசியு பெட்ரோலைக் குறைவாக ஊற்றும், இன்ஜின் உதறும். இங்கே ஒரு நுணுக்கம். நம்ம ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் காற்றின் அளவை நேரடியாக அளப்பதில்லை, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கார்களில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் கூடும், ஈசியு அதற்கேற்பப் பெட்ரோலும் ஊற்றும். அதனால் உதறலைவிட ஐட்லிங் ஏறி நிற்பதுதான் முதலில் தெரியும். ஒரே ஓட்டைக்கு இரண்டு காரில் இரண்டு அறிகுறி. இன்னொருத்தர் காருக்குச் சொன்ன வைத்தியம் உங்கள் காருக்குப் பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அரை மீட்டர் ரப்பர் டியூப் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ் இணைப்புகள் பக்கம் கொண்டுபோனால் "உஸ்ஸ்" கேட்கும். ஃபேன், பெல்ட் பக்கம் டியூபைக் கொண்டுபோகாதீங்க. கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கிற பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது எரியும் சரக்கு, வீட்டில் வேண்டாம்.

ஆயில் மாற்றினதில் உதறலுக்கு வழி குறைவு. மாற்றியபின் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வந்தால் புது ஃபில்டர் நிறைகிற நேரம் அது, உதறல் இல்லை. ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் முழுசாக உட்காராவிட்டால் சில இன்ஜின்களில் அங்கிருந்தும் கணக்கில் வராத காற்று போகும். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் ஆயில் காற்றோட்டக் குழாய் வழியாக இன்டேக்குக்கு வந்து நீலப் புகை காட்டும்.

தாளமாக மிஸ்ஸிங் அடித்தால் பிளக் பக்கம் போகணும். பீங்கானில் முடி போல ஒரு விரிசல், கீழே விழுந்ததில் நெருங்கிப்போன இடைவெளி, காயில் ஒயரில் "க்ளிக்" சத்தம் வராமல் பாதியில் நின்ற லாக், இந்த மூன்றைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். இடைவெளி பொதுவாக 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர், உங்கள் காருக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். புளூடூத் ஓபிடி கருவி ஒன்று இருந்தால் இன்னும் சுலபம். பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங், பி0304 என்றால் நாலாவது. பி0300 என்றால் குறிப்பாக ஒன்றைச் சொல்ல முடியாத மிஸ்ஸிங், அதற்கு மறுபடி காற்று, பெட்ரோல் பக்கம்தான் போகணும். முதல் சிலிண்டர் என்று வந்தால், இன்ஜினை அணைத்து, முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடுங்க. கோட் பி0302 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்க. ஒரு நேரத்தில் ஒன்றுதான். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் உதறல் போகலாம், எதனால் போச்சு என்பது தெரியாது.

ஓடுகிற இன்ஜினில் காயில் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிற பழைய முறையை விட்டுடுங்க. ஷாக் அடிக்கும் என்பது ஒன்று. எரியாத பெட்ரோல் நேராகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும், உள்ளே இருக்கிற பீங்கான் உருகும் என்பது இன்னொன்று. செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரலாம். அது விட்டுவிட்டு மின்னினால் கன்வெர்ட்டர் கெடுகிற அளவுக்கு மிஸ்ஸிங் நடக்குது, ஓரங்கட்டி அணைச்சிடணும். பிளக்கின் விலையும் கன்வெர்ட்டரின் விலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடியவை இல்லை.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. டீசல் ஃபில்டர் மாற்றிய மறுநாள் திணறினால் லைனில் காற்று புகுந்திருக்கும். கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகிற வரைக்கும் அமுக்கிக் காற்றை வெளியேற்றணும்.

கை பட்ட இடம் எல்லாம் சரியாக இருந்தும் உதறல் தொடர்ந்தால், சர்வீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். வயசான பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ டெர்மினல் பிடிப்போ சரியில்லை. பெட்ரோல் அழுத்தத்துக்கு மீட்டரும் வேண்டாம். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால் பின் சீட் பக்கம் பம்ப் இரண்டு நொடி "ம்ம்ம்" என்று ஓடி நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. அப்போ மட்டும் சட்டென்று பிடித்தால், ராத்திரி நிற்கும்போது லைனில் அழுத்தம் இறங்குகிறது. பம்ப்பின் செக் வால்வோ ஒழுகுகிற இன்ஜெக்டரோ காரணமாக இருக்கும். பானெட்டை மூடிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "மூணு தடவை ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்ணா பிடிக்குது, ஒரு தடவைல பிடிக்கல" என்று அப்படியே சொல்லுங்க.