அடைத்த வளியின் அடையாளங்கள்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றில் பிழை நேர்ந்தால் அதனை எவ்வாறு கண்டறிவது? கைக்குள் அடங்கும் தெளிப்புக் கலன் முதல் விண்ணில் பாயும் ஏவூர்தி வரை இந்த வினா தொடர்கிறது. அதற்கு விடை காணும் வழிகளை விளக்குகிறது இப்பாடம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது காற்று. முப்பந்தல் பகுதியில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகள், கண்ணுக்குத் தெரியாத அக்காற்றின் வலிமையைக் காட்டிச் சுழல்கின்றன. திறந்த வெளியில் வீசும் காற்றை அறிய இறக்கையின் சுழற்சி போதும். கலனுக்குள் அடைக்கப்பட்ட வளியை அறிவது அத்துணை எளிதன்று. அது குறைந்தாலும் கூடினாலும் கலன் வெளித்தோற்றத்தில் மாறுவதில்லை. அடைத்த வளியின் நிலையை அறிவதற்கெனத் தனியே சில அடையாளங்கள் உள்ளன.

கலனும் உந்துவளியும்

கொசு மருந்து, வண்ணப்பூச்சு, நறுமண நீர்மம் ஆகியவற்றை அடைத்து விற்கும் ஏரோசால் கலனை மக்கள் ‘ஸ்ப்ரே டப்பா’ என்பர். மருந்தை வெளியே தள்ளும் உந்துவளியும் அக்கலனுக்குள்ளேயே இருக்கும். நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோத்தைம் 1920களில் இதற்கு வழிகாட்டினார். இரண்டாம் உலகப்போரின்போது, மலேரியாவைப் பரப்பும் கொசுக்களிடமிருந்து படைவீரர்களைக் காக்க அமெரிக்க ஆய்வாளர்கள் இதனைப் பெருமளவில் பயன்படும் கருவியாக்கினர். தொடக்கத்தில் குளோரோபுளோரோகார்பன்கள் உந்துவளிகளாயின. அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதை மொலினா, ரோலண்ட் ஆகிய அறிவியலாளர்கள் 1974இல் எடுத்துரைத்தனர். 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைப் படிப்படியாக விலக்க வழிவகுத்தது. இன்று புரொப்பேன், பியூட்டேன் போன்ற திரவமாக்கப்பட்ட வளிகளே பெரிதும் பயன்படுகின்றன.

ஆலையில் முதலில் மருந்துக் கரைசல் கலனில் ஊற்றப்படும். அதன்பின் வால்வு பொருத்தப்பட்ட மூடியை வைத்து, அதன் விளிம்பைக் கலனின் வாயோடு விரித்து இறுக்குவர். இறுதியாக, வால்வின் வழியே உந்துவளி மிகை அழுத்தத்தில் உட்செலுத்தப்படும். இதுவே அழுத்த நிரப்பு முறை. சில நொடிகளில் முடிந்துவிடும் இச்செயலில் நேரும் சிறு பிழையும், கலன் பயன்படுத்தப்படும் நாள் வரை மறைந்தே இருக்கக்கூடும்.

மானியும் தராசும்

அழுத்தம் சரியாக உள்ளதா என்பதை அறிய அழுத்தமானி ஒன்றே போதும் எனத் தோன்றலாம். ஆனால், திரவமாக்கப்பட்ட வளியைப் பொறுத்தவரை மானி முழு உண்மையைச் சொல்வதில்லை. கலனுக்குள் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும்போது, ஆவி அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே அமைகிறது. 20 டிகிரி செல்சியசில் புரொப்பேனின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 8 வளிமண்டல அழுத்தம். பியூட்டேனின் அழுத்தம் ஏறத்தாழ 2. கலனில் 100 கிராம் பியூட்டேன் இருப்பினும் 10 கிராம் இருப்பினும், சிறிதளவு திரவம் எஞ்சியிருக்கும் வரை மானி ஒரே அளவையே காட்டும். எனவே, உந்துவளி குறைவாக நிரப்பப்பட்டதை மானி காட்டாது, தராசுதான் காட்டும்.

நைட்ரஜன் போன்று திரவமாகாத நிலையில் அடைக்கப்படும் வளியின் இயல்பு வேறு. கலனிலுள்ள மருந்து குறையக் குறைய வளிக்கு இடம் பெருகுகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் தாழ்கிறது. இங்கு மிகச் சிறிய எடைக் குறைவும் அழுத்தத்தைப் பெரிதும் பாதிக்கும். ஆகவே மானியின் அளவீடு இன்றியமையாததாகிறது. எந்த வளிக்கு எந்தக் கருவி உண்மை சொல்லும் என்பதை அறிவதே பிழையறிதலின் முதற்படி.

மறைந்திருக்கும் பிழைகள்

முதலாவது, சிக்கிய காற்று. மூடியை இறுக்கும் முன் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாவிடில், அதன் அழுத்தமும் உந்துவளியின் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். டால்டனின் பகுதி அழுத்த விதி கூறுவதும் இதுவே. மானி உயர்ந்த அளவைக் காட்டும்; ஆனால், சிலமுறை தெளித்ததும் அழுத்தம் சரியத் தொடங்கும். அக்காற்றிலுள்ள ஆக்சிஜன் உலோகச் சுவரை அரிப்பதும் உண்டு.

இரண்டாவது, மிகை நிரப்பு. வெப்பம் ஏறினால் திரவம் விரியும். அதற்குக் கலனில் இடம் வேண்டும். 50 டிகிரி செல்சியசிலும் திரவம் கலனின் கொள்ளளவில் 95 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுச் சரக்குப் போக்குவரத்து விதி. சித்திரை வெயிலில் மூடிக்கிடக்கும் வாகனத்துக்குள் தெளிப்புக் கலனை வைக்கக்கூடாது என்பதற்கும் இவ்விரிவே காரணம்.

மூன்றாவது, கசிவு. மூடியின் இறுக்கம் தளர்ந்தாலோ, வால்வின் ரப்பர் வளையம் விலகினாலோ, அங்கு தூசி படிந்தாலோ வளி சிறிது சிறிதாக வெளியேறும். இதனைக் கண்டறிய ஆலைகளில் கலன்களை வெந்நீர்த் தொட்டியில் மூழ்கச் செய்வர். குமிழி எழுந்தால் கசிவு. குழிந்த அடிப்பகுதி வெளியே புடைத்தால் மிகை அழுத்தம் அல்லது கலனின் வலுக்குறைவு. மிதிவண்டிச் சக்கரத்தின் டியூபை நீரில் அமிழ்த்தித் துளையைத் தேடும் பஞ்சர் கடைக்காரரின் அறிவும் இதுவே. குமிழியாகத் தோன்றாத நுண்கசிவைக் கண்டறியப் பொறுமை வேண்டும். மாதிரிக் கலன்கள் சிலவற்றை எடைபோட்டு, வாரக்கணக்கில் வைத்திருந்து மீண்டும் மீண்டும் எடைபோடுவர். குறையும் எடையே கசிவின் சான்று.

தெரிந்து தெளிவோம்

ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும் அழுத்த இன்ஹேலரும் ஓர் ஏரோசால் கலனே. குறிக்கப்பட்ட எண்ணிக்கையில் மருந்து தீர்ந்த பின்னும், எஞ்சிய உந்துவளி சிறிது நேரம் பீறிடும். தெளிப்பு வருவதாலேயே உரிய அளவு மருந்து கிடைக்கிறது என எண்ணுவது ஆபத்தானது. இன்ஹேலரில் எண்ணி இருந்தால் அதனைப் பார்க்க வேண்டும். இல்லையெனில் பயன்படுத்திய முறைகளைக் குறித்துவர வேண்டும்.

மலையடிவாரத்தில் ஒரு பாடம்

ஆரல்வாய்மொழிக்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து நிற்கிறது மகேந்திரகிரி. குமரி மாவட்ட எல்லையை ஒட்டித் திருநெல்வேலி மாவட்டத்தில், அம்மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது. ஏவூர்திகளின் திரவ எரிபொருள் எந்திரங்களும் கிரையோஜெனிக் எந்திரங்களும் இங்குதான் சோதிக்கப்படுகின்றன. ஏவூர்தியின் எரிபொருள் தொட்டியும் ஒருவகையில் அழுத்தம் ஏற்றிய கலனே. தொட்டியில் உரிய அழுத்தம் இல்லையேல் எரிபொருள் எந்திரத்துக்குச் சீராகச் சென்று சேராது.

2010இல் ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தி இருமுறை தோல்வி கண்டது. அதன்பின் நாடே எதிர்பார்த்திருந்த ஜி.எஸ்.எல்.வி. டி5, 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்தில் நின்றது. நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளிக்கல்வி கற்ற கே. சிவன் அப்போது அதன் திட்ட இயக்குநர். ஏவுதலுக்கு 74 நிமிடங்களே இருந்தன. முன்னேற்பாடாக அழுத்தம் ஏற்றியபோது, இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் அமைப்பில் கசிவு காணப்பட்டது. உடனே ஏவுதல் நிறுத்தப்பட்டது. கசிந்த தொட்டியின் உலோகக் கலவை விரிசலுக்கு இடந்தருவது என அறிந்து, வேறு அலுமினியக் கலவையாலான தொட்டியுடன் புதிய இரண்டாம் கட்டம் பொருத்தப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று அதே ஏவூர்தி ஜிசாட்-14 செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. இந்தியக் கிரையோஜெனிக் எந்திரத்தின் முதல் வெற்றியும் அதுவே.

ஏழாண்டுகள் கழித்து நிகழ்ந்தது இதன் மறுபக்கம். 2021 ஆகஸ்ட் 12 அன்று விடியற்காலையில் புறப்பட்ட ஜி.எஸ்.எல்.வி. எப்10 ஏவூர்தியின் முதலிரு கட்டங்களும் செவ்வனே இயங்கின. மூன்றாம் கட்டமான கிரையோஜெனிக் எந்திரம் மட்டும் இயங்கவில்லை. மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையிலுள்ள திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்திருந்தது. மிகை அழுத்தத்தை வெளியேற்றுவதற்கென அமைந்த வால்வில் ஏற்பட்ட கசிவே அதற்குக் காரணம் என ஆய்வுக்குழு கண்டறிந்தது. இஓஎஸ்-03 செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. தரையில் தென்பட்ட கசிவு சில மாதத் தாமதத்தோடு முடிந்தது. வானில் வெளிப்பட்ட கசிவு ஒரு செயற்கைக்கோளையே விலையாகக் கொண்டது. குறைகள் களையப்பட்டபின், 2023 மே 29 அன்று ஜி.எஸ்.எல்.வி. எப்12 வெற்றியுடன் பறந்தது.

வீட்டிலும் வேண்டும் விழிப்பு

இவ்வறிவு ஆலைக்கும் ஏவுதளத்துக்கும் மட்டும் உரியதன்று. வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரில் நிரப்பப்படுவது 14.2 கிலோகிராம் வளி. சிலிண்டரின் வெற்று எடை அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டி, தராசு காட்டும் எடையோடு ஒப்பிட்டால் குறைவு வெளிப்பட்டுவிடும். சிலிண்டரைப் பெறும்போதே எடைபோட்டுக் காட்டும்படி கேட்பது நுகர்வோரின் உரிமை. கசிவு உண்டோ என்னும் ஐயம் எழுந்தால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா எனப் பார்க்கலாம். தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும்.

அடைத்த வளி தன் குறையைத் தானே உரைப்பதில்லை. எடையும் அழுத்தமும் குமிழியுமே அதன் மொழி. அம்மொழியை உரிய காலத்தில் படிக்கத் தெரிந்தவர், தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்க வல்லவராவர்.