மேகத்துக்கு உப்பு

சிறுமலையின் சிகரங்களை மேகம் மூடியிருக்கும். கீழே திண்டுக்கல் சமவெளியிலோ தூறலும் விழாது. ஆனி, ஆடி மாதங்களில் இக்காட்சியைப் பல நாள் கண்டு பெருமூச்செறியாத குடியானவர் அப்பக்கத்தில் இலர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளிலேயே தன் நீரைப் பெரும்பாலும் கொட்டிவிடுவதால், மழை மறைவுப் பிரதேசமாகிய திண்டுக்கல்லுக்கு எஞ்சுவது காற்றும் வெறும் மேகமுமே. ஐப்பசி, கார்த்திகை மழையும் பொய்த்துவிட்டால் கிணறுகள் வறண்டுபோகும். அப்பொழுது எங்கும் ஒரு குரல் எழும்: “ஆகாய விமானத்தை அனுப்பி மழை பெய்விக்கலாகாதா?”

கேள்வி நியாயமானதே. ஆனால் மேகத்தின் இயல்பைச் சற்று அறிந்த பின்னரே அதற்கு விடை கூறுதல் தகும். மேகத்திலுள்ள நீர்த்திவலை மிக நுண்ணியது. ஏறக்குறைய பத்து லட்சம் திவலைகள் ஒன்றுகூடினால்தான் ஒரு மழைத்துளி உண்டாகும். அவை யாவும் சிறியனவாகவே இருப்பின், ஒன்றோடொன்று சேராமல் மிதந்துகொண்டே காலம் கழிக்கும். அவற்றிடையே உப்புத்தூளைத் தூவினால், அது ஈரத்தை இழுத்துப் பெருந்திவலையாகி, விழும் வழியில் சிறியவற்றை விழுங்கி மழையாகிறது. மிகவும் குளிர்ந்தும் உறையாமல் நிற்கும் மேகத்துக்கு வெள்ளி அயோடைடு வேண்டும். பனிக்கட்டியின் அமைப்பை ஒத்த அத்துகளைப் பற்றி நீர் உறைந்து பருக்கிறது. 1946-ல் அமெரிக்காவில் ஷேஃபர் என்பவர் விமானத்திலிருந்து உலர்பனிக்கட்டியைத் தூவி மேகத்தை இவ்வாறு மாற்றிக் காட்டினார். வெள்ளி அயோடைடின் குணத்தைக் கண்டவர் அவருடைய தோழர் வானகட். எம்முறையாயினும் மேகம் முன்னரே இருத்தல் வேண்டும். இல்லாத மேகத்தைச் சிருஷ்டிக்க எந்த விஞ்ஞானியாலும் ஆகாது.

நம் நாட்டார் இத்துறையில் பின்தங்கியிருந்தனர் என்று எண்ணுவது பிழை. திண்டுக்கல்லைப் போலவே மலைமறைவில் கிடக்கும் மகாராஷ்டிரத்துப் பாராமதியில், இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1973 முதல் 1986 வரை பதினொரு பருவங்கள் உப்புத் தூவிப் பரீட்சித்தனர். இரண்டு நிலப்பரப்புகளை வகுத்துக்கொண்டு, எதன்மேல் தூவுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்தனர். தூவிய பரப்பில் மழை நூற்றுக்கு 24 வீதம் மிகுந்தது. ஆனால் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று: ஒரு கிலோமீட்டருக்கு மேல் கனமுள்ள, நீர் நிறைந்த மேகங்களே பயன் தந்தன; மெல்லிய மேகங்கள் உப்பைப் பெற்றுக் கலைந்துபோகும் போக்கையே காட்டின! அதே நிலையத்தார் 2018, 2019 ஆண்டுகளில் சோலாப்பூரில் 276 மேகங்களைத் தேர்ந்து, சிலவற்றில் தூவியும் சிலவற்றைத் தூவாமல் விட்டும் ஒப்பிட்டனர். சில இடங்களில் 46 வீதம் வரையிலும், 100 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் சராசரி 18 வீதமும் மழை கூடியதாகக் கணித்தனர்.

தமிழ்நாட்டு சர்க்காரும் 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், மீண்டும் 1993-94-லும் மேகங்களில் விதை தூவச் செய்தது. கொடிய வறட்சியில் ஜனங்கள் தவிக்கும்போது சும்மா இருக்க முடியாதுதான். எனினும் வறட்சி ஆண்டென்பது கனத்த மேகம் அரிதான ஆண்டு. அவ்வாண்டில் விமானம் பறந்தபின் மழை பெய்தால், அது விமானத்தால் பெய்ததா, தானே பெய்ததா? ஒப்பிட்டுப் பார்க்கத் தூவாத மேகத்தின் கணக்குக் கையில் இல்லாதவன் இதற்கு விடை சொல்லவியலாது. பெய்யாவிட்டாலோ, குடியானவன் விஞ்ஞானத்தையே ஏசுவான். செலவான பணமும் அவனுடைய வரிப்பணமே.

ஆகவே நாம் கேட்பது வறட்சிக்காலத்து விமானத்தை அன்று. சிறுமலையின் மேற்குச் சரிவிலும் கிழக்குச் சரிவிலும், நத்தம், வத்தலக்குண்டு வரையிலுள்ள வெளியிலும், மழைமானிகள் நெருக்கமாக நிறுவப்படட்டும். எந்த மாதத்தில் எவ்வளவு கனமுள்ள மேகம் வருகிறது, அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை ரேடாரைக்கொண்டு சில ஆண்டுகள் அளக்கட்டும். விமானமும் உப்பும் பிறகு வரலாம். அந்த அளவை நல்ல மழையாண்டிலேயே தொடங்க வேண்டும். வானம் வெறிச்சோடிய பின் அளப்பதற்கு என்ன இருக்கும்?